மதுவிலிருந்து மீள ஊரில் உள்ள குழுவில் சேர்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடிநோய்ச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களும், வீட்டிலேயே குடியை நிறுத்திவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறவர்களும், அவர்களுடைய மனைவிமார், பெற்றோர், பிள்ளைகளும் ஆலோசகர் என்ற முறையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருந்தாலும், பெரும்பாலானவை எந்த ஊருக்கும் பொருந்தும்.

ஏ.ஏ. கூட்டம் என்கிறார்களே, அது என்ன?

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கமே ஏ.ஏ. குடியை விட்டவர்களும் விட விரும்புகிறவர்களும் கூடிப் பேசி, ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் அமைப்பு அது. 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பங்குச் சந்தைத் தொழிலில் இருந்த பில் என்பவரும், பாப் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரும் சந்தித்துப் பேசியதில் இது தொடங்கியது. இருவருமே குடியால் சீரழிந்தவர்கள்; இன்னொரு குடிநோயாளியிடம் மனம்விட்டுப் பேசும்போது தமக்குக் குடிக்கத் தோன்றுவதில்லை என்பதை அனுபவத்தில் கண்டவர்கள். இந்தியாவுக்கு இது 1957இல், டெல்லி வழியாக வந்தது. இன்று தமிழ்நாட்டின் நகரங்களிலும் பல சிறிய ஊர்களிலும் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன.

இங்கே மருத்துவர் கிடையாது, வகுப்பு கிடையாது, தலைவர் என்று யாரும் நிரந்தரமாக இருப்பதில்லை. கூட்டத்தை நடத்துகிறவரும் உங்களைப் போல ஒரு காலத்தில் கைநடுக்கத்தோடு அந்த அறைக்குள் வந்தவர்தான்.

நான் தினமும் குடிப்பதில்லை. வேலைக்கும் ஒழுங்காகப் போகிறேன். எனக்கு இது தேவையா?

எவ்வளவு குடிக்கிறீர்கள், எத்தனை நாளைக்கு ஒரு முறை குடிக்கிறீர்கள் என்பதைவிட, தொடங்கிய பிறகு உங்களால் நிறுத்த முடிகிறதா என்பதே முக்கியமான கேள்வி. ஒரு கட்டிங்கோடு எழுந்துவிடுவேன் என்று போய் உட்கார்ந்தவர் கடை மூடும் வரை எழவில்லை என்றால், அது ஒரு நாள் மட்டும் நடந்ததாகவும் இல்லை என்றால், அதைக் கவனிக்க வேண்டும். சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாள் தொடாமல் இருக்கிறேனே, நான் எப்படி அடிமை என்று பலர் கேட்பார்கள். அந்த விரதத்தை நான் மதிக்கிறேன்; அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் மாலையைக் கழற்றிய அன்று மாலை என்ன நடந்தது என்று கேட்டால் பெரும்பாலும் மனைவிதான் பதில் சொல்கிறார். சில வாரங்கள் நிறுத்த முடிவது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

ஏ.ஏ.யில் சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். நீங்கள் குடிநோயாளியா என்பதை அங்கே யாரும் தீர்மானிக்க மாட்டார்கள். இரண்டு மூன்று கூட்டங்களில் உட்கார்ந்து மற்றவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகு, அந்தக் கதைகளில் உங்கள் கதை இருக்கிறதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இன்றே குடியை நிறுத்திவிட்டு நேராகக் கூட்டத்துக்குப் போய்விடலாமா?

தினமும் அதிக அளவில், காலையிலேயே குடிக்கும் நிலைக்கு வந்துவிட்டவர் என்றால், முதலில் மருத்துவரைப் பாருங்கள். இது தயவுசெய்து தள்ளிப்போடக் கூடாத ஒன்று. நீண்ட காலம் குடித்த உடல் திடீரென்று மதுவை இழந்தால், சில மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு மனக்குழப்பம் ஏற்பட்டு, சுவரில் பூச்சி ஊர்வதாகவும் யாரோ கூப்பிடுவதாகவும் தோன்றும். காய்ச்சலும் இரத்த அழுத்தமும் ஏறும். வீட்டார் இதைப் பேய் பிடித்ததாக எண்ணி மந்திரிக்க அழைத்துப் போய், நேரத்தை இழந்துவிடுவது உண்டு. இது உயிரைப் பறிக்கக்கூடிய மருத்துவ அவசர நிலை. 108க்கு அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

முன்பு ஒரு முறை நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால், வீட்டில் நிறுத்திப் பார்க்கும் எண்ணமே வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. 2025இல் தமிழக அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. சில நாட்கள் மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து, இந்தக் கட்டத்தைப் பாதுகாப்பாகக் கடக்க வைப்பார்கள். குழுவின் வேலை அதற்குப் பிறகு தொடங்குகிறது.

எங்கள் ஊரில் குழு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சுவரொட்டியோ பெயர்ப்பலகையோ பெரிதாக இருக்காது என்பதால், பக்கத்துத் தெருவிலேயே கூட்டம் நடந்தாலும் தெரியாமல் போவது சகஜம். மிக எளிய வழி, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ போதை மீட்பு மையத்திலோ கேட்பது. அங்குள்ள சமூகப் பணியாளருக்கு அந்த வட்டாரத்துக் குழு எந்த நாளில், எந்த இடத்தில் கூடுகிறது என்பது பெரும்பாலும் தெரிந்திருக்கும். பல மையங்களுக்கு ஏ.ஏ. உறுப்பினர்களே வாரம் ஒரு முறை வந்து உள்நோயாளிகளிடம் பேசிவிட்டுப் போகிறார்கள். சிகிச்சையில் இருக்கும்போதே அவர்களில் ஒருவருடைய எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவுக்கான ஏ.ஏ. பொதுச்சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் ஊர் வாரியாக விவரம் தேடலாம். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநலத்துக்கான டெலி-மானஸ் எண் 14416, இரண்டும் கட்டணமற்றவை. தமிழ்நாட்டில் 104க்கும் அழைத்துக் கேட்கலாம். இணையத்தில் கிடைக்கும் நேரமும் முகவரியும் சில வேளைகளில் பழையனவாக இருக்கும் என்பதால், கிளம்பும் முன் தொலைபேசியில் ஒரு முறை உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. தைரியத்தைத் திரட்டிக்கொண்டு போனவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால், அடுத்த முறை கிளம்புவது மிகவும் கடினம்.

பக்கத்தில் மூன்று நான்கு குழுக்கள் இருக்கின்றன. எதற்குப் போவது?

என்னைக் கேட்டால், வீட்டுக்கு எது பக்கம் என்று பார்க்காதீர்கள். உங்களுக்கு எந்த நேரம் ஆபத்தானது என்று பாருங்கள். டாஸ்மாக் கடைகள் நண்பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகின்றன. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் குடி தொடங்கும் நேரம் ஒன்று உண்டு. கட்டட வேலை செய்கிறவருக்குச் சனிக்கிழமை கூலி கையில் வந்த நேரம். அலுவலகம் போகிறவருக்கு மாலை ஆறரைக்கும் வீடு சேர்வதற்கும் இடைப்பட்ட நேரம். ஓய்வு பெற்றவருக்கு மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய நேரம். உடலை மருந்து தேற்றிவிடும், அந்த மணி நேரத்தை மருந்தால் நிரப்ப முடியாது. இத்தனை ஆண்டுகள் கடையில் கழிந்த அந்த நேரத்தில் போய் உட்கார வேறோர் இடம், தெரிந்த முகங்கள், பேச்சு எல்லாம் வேண்டும். குழுவின் பெரிய பயனாக நான் கருதுவது இதைத்தான்.

ஆகவே சனிக்கிழமை மாலைதான் உங்களுக்குச் சிக்கல் என்றால், இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டியிருந்தாலும் சனிக்கிழமை மாலை கூடும் குழுவுக்கே போங்கள். போகும் வழியில் பழைய கடை இருந்தால் வழியை மாற்றிக்கொள்ளுங்கள். கூலியையோ சம்பளத்தையோ அன்று மட்டும் மனைவியின் கணக்குக்கு அனுப்பிவிட்டு, பேருந்துக் கட்டணத்தோடு கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

முதல் நாள் அங்கே என்ன நடக்கும்? நான் எல்லார் முன்னிலையிலும் பேச வேண்டுமா?

பேச வேண்டியதில்லை. பெயரைக்கூடச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

பெரும்பாலும் பள்ளி வகுப்பறை, தேவாலய வளாகத்தில் ஒரு சிறிய கூடம், மருத்துவமனையின் ஓர் அறை போன்ற இடத்தில்தான் கூட்டம் நடக்கும். பள்ளியாக இருந்தால் கரும்பலகையில் அன்றைய கணக்குப் பாடம் அழிக்கப்படாமல் இருக்கும். அதன் மேல், குடியிலிருந்து மீள ஏ.ஏ. காட்டும் வழிமுறையான பன்னிரண்டு படிகளை அச்சிட்ட துணிப் பதாகையை ஆணியில் மாட்டுவார்கள். சிறுபிள்ளைகளுக்கான பெஞ்சில் ஐம்பது வயது மனிதர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். தொடக்கத்தில் ஒரு நிமிட மௌனம், பிறகு அமைப்பின் நோக்கத்தை ஒருவர் வாசிப்பார். அதன் பின் ஒவ்வொருவராக, தம் பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்கி, தம் அனுபவத்தைப் பகிர்வார்கள். யாரும் குறுக்கே பேசுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை, வாதம் செய்வதில்லை. சுமார் ஒன்றரை மணி நேரத்தில், மன அமைதிக்கான சிறு வேண்டுதலோடு கூட்டம் முடியும்.

முடிந்ததும் உடனே வெளியேறிவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். வெளியே தேநீர்க் குவளையோடு நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் யாராவது உங்கள் அருகில் வந்து, ஒரு துண்டுத் தாளில் இரண்டு மூன்று தொலைபேசி எண்களை எழுதி, குடிக்கத் தோன்றினால் குடிப்பதற்கு முன் கூப்பிடுங்கள் என்று கொடுப்பார். பிறகு யோசித்துப் பார்த்தால் முதல் நாளில் கிடைத்தவற்றுள் அதுவே பெரிதாக இருக்கும்.

அங்கே தெரிந்தவர்கள் இருந்தால் என்ன செய்வது? அலுவலகத்துக்குத் தெரிந்துவிடாதா?

தெரிந்தவர் இருந்தால் அவரும் உங்களைப் போன்ற காரணத்துக்காகவே அங்கே வந்திருக்கிறார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதோ ஆதார் அட்டை கேட்பதோ கிடையாது. அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பதும், பார்த்தவரைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்பதும் அடிப்படை வழக்கம். சிறிய ஊர்களில் மனித இயல்பால் எப்போதாவது இது மீறப்படலாம். முழுப் பாதுகாப்பு வேண்டும் என்று நினைப்பவர்கள் பக்கத்து ஊர்க் குழுவுக்குப் போகலாம், பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். குடும்பத்தினரும் ஆர்வமுள்ளவர்களும் வரக்கூடிய திறந்த கூட்டம், குடியிலிருந்து மீள விரும்புகிறவர்கள் மட்டும் கலந்துகொள்ளும் மூடிய கூட்டம் என இரு வகை உண்டு. கூச்சம் அதிகமுள்ளவர்களுக்கு மூடிய கூட்டம் ஏற்றது.

மருத்துவமனையில் எடுத்த சிகிச்சையைப் பொறுத்தவரை, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் விவரங்களை இரகசியமாக வைக்கும் உரிமையை அளிக்கிறது. மதுவால் வரும் மனநலப் பாதிப்புகளும் அந்தச் சட்டத்தின் கீழ் வருகின்றன.

கடவுள் என்கிறார்கள், தேவாலயத்தில் நடக்கிறது என்கிறார்கள். மதம் மாற்றுகிறார்களா?

இல்லை. வாடகை குறைவாகவும் மாலையில் காலியாகவும் இருக்கும் இடங்கள் என்பதால்தான் தேவாலயக் கூடங்களும் பள்ளிகளும் அதிகம் பயன்படுகின்றன. ஏ.ஏ. எந்த மதத்தோடும் கட்சியோடும் நிறுவனத்தோடும் சேர்ந்ததன்று. பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது. ‘நாங்கள் புரிந்துகொண்டபடியான’ என்ற அடைமொழியோடு வருகிறது. முருகனை வணங்குகிறவரும், தொழுகைக்குப் போகிறவரும், பெரியார் வழியில் கடவுளை மறுக்கிறவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருப்பதைக் காணலாம். நம்பிக்கையில்லாதவர்களில் பலர் அந்தக் குழுவையே தம்மைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொள்கிறார்கள்.

எவ்வளவு பணம் கட்ட வேண்டும்?

எதுவும் கட்ட வேண்டாம். இறுதியில் ஒரு பை சுற்றி வரும். விரும்பினால், முடிந்ததைப் போடலாம். வாடகையும் தேநீரும் அதில்தான் நடக்கின்றன. கூட்டத்துக்கு வர இவ்வளவு கட்ட வேண்டும் என்று யாராவது கேட்டால் அது ஏ.ஏ. அல்ல.

நான் ஒரு பெண். ஆண்கள் நிறைந்த அறைக்குள் எப்படிப் போவது?

உங்கள் தயக்கம் நியாயமானது. குடிக்கும் ஆணைப் பார்த்துப் பரிதாபப்படும் ஊர், குடிக்கும் பெண்ணைப் பார்த்துக் காறித் துப்புகிறது. அதனால் பெண்கள் பல ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே நோயை மறைக்கிறார்கள். பெரிய நகரங்களுக்கு வெளியே பெண்கள் மட்டும் கூடும் குழு கிடைப்பது கடினம். இணையவழிக் கூட்டங்களில் பெண்களுக்கானவை இருக்கின்றன. அங்கே தொடங்கி, ஒரு பெண் உறுப்பினரோடு பழகி, அவருடன் சேர்ந்து நேரடிக் கூட்டத்துக்குப் போவது ஒரு நல்ல வழி. உங்களுக்கு வழித்துணையாக வரும் உறுப்பினர், அதாவது ஸ்பான்சர், பெண்ணாகவே இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஸ்பான்சர் என்பவர் யார்?

குடியை விட்டுச் சில ஆண்டுகள் ஆன, பன்னிரண்டு படிகளைக் கடந்துவந்த ஓர் உறுப்பினர், புதியவருக்கு வழித்துணையாக இருப்பார். அவரைத்தான் ஸ்பான்சர் என்கிறார்கள். பணம் கொடுத்து உதவுபவர் என்று பொருள் கொள்ள வேண்டாம். கடன் கொடுப்பதும் வேலை வாங்கித் தருவதும் அவர் பொறுப்பாகாது. சில வாரங்கள் கூட்டங்களைக் கவனித்துவிட்டு, யாருடைய பேச்சு உங்களுக்குப் பிடிக்கிறதோ அவரிடம் நீங்களே போய்க் கேட்கலாம். ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

மருத்துவர் கொடுத்த மாத்திரைகளைக் கூட்டத்தில் நிறுத்தச் சொன்னால்?

நிறுத்தாதீர்கள். உறுப்பினர் யாரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்பது ஏ.ஏ.யின் சொந்த நிலைப்பாடே. மன அழுத்தத்துக்கோ தூக்கத்துக்கோ மதுவின் நாட்டத்தைக் குறைக்கவோ கொடுக்கப்பட்ட மருந்தைப் பற்றி மருத்துவரிடம் மட்டுமே முடிவு செய்யுங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்க மாத்திரை இருக்கிறதாமே என்று பல பெண்கள் கேட்கிறார்கள். அவர்கள் பட்ட துன்பம் அப்படிக் கேட்க வைக்கிறது. டைசல்பிராம் என்ற மருந்தை உட்கொண்டவர் மது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து, இதயம் பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். நோயாளியின் முழுச் சம்மதத்தோடு, உடற்பரிசோதனைகளுக்குப் பிறகு, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே அதைக் கொடுக்க வேண்டும். பெயரே இல்லாமல் விற்கப்படும் பொடிகளையும் வாங்காதீர்கள்.

அவர் வரவே மாட்டேன் என்கிறார். குடும்பத்தார் நாங்கள் என்ன செய்வது?

நீங்கள் முதலில் போங்கள். குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் என்ற குழுக்கள் இருக்கின்றன. 1951இல், பில்லின் மனைவி லோயிஸும் அவருடைய தோழியும் தொடங்கியது அது. வளரிளம் பிள்ளைகளுக்கு அலட்டீன் உண்டு. அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணமில்லை என்பதையும், அவருடைய கடனை அடைப்பதும் அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்வதும் நோயைத்தான் வளர்க்கின்றன என்பதையும் அங்கே உங்களைப் போன்றவர்களிடமிருந்தே கேட்பீர்கள். வீட்டில் அடி உதை இருந்தால், அவர் திருந்தும் வரை காத்திருக்காமல் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள்.

இரவில் வேனில் ஆட்களோடு வந்து, தூங்குகிறவரைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகும் மையங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அப்படிப் போய்வந்தவர்கள் பெரும்பாலும் குடும்பத்தின் மீது தீராத கோபத்தோடு திரும்புகிறார்கள். பதிவு பெற்ற மையமா, மருத்துவர் இருக்கிறாரா, குடும்பத்தினர் நேரில் பார்க்க அனுமதி உண்டா என்ற மூன்றையும் விசாரிக்காமல் எங்கும் சேர்க்காதீர்கள்.

இதனால் உண்மையில் பலன் உண்டா?

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மதிப்பாய்வு, 10,565 பேர் பங்குபெற்ற 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஏ.ஏ.யோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை முறை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், நிலைபெற்ற பிற உளவியல் சிகிச்சைகளைவிடச் சிறப்பாக இருப்பதாக அது கண்டறிந்தது. அந்த ஆய்வுகள் நம் நாட்டில் நடந்தவை அல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நம் நாட்டு நிலை வேறு வகையில் கவலை தருகிறது: மத்திய அரசு 2019இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. கட்டணமில்லாமல், மருத்துவர் இல்லாத ஊரிலும் நடக்கக்கூடிய ஒரு கூட்டத்தின் மதிப்பு இங்கேதான் விளங்குகிறது.

எல்லாருக்கும் இது ஒத்துவரும் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று நான்கு குழுக்களில் சில வாரங்கள் உட்கார்ந்து பார்த்தும் பொருந்தவில்லை என்றால், தனி ஆலோசனை, குழுச் சிகிச்சை, மருந்து ஆகியவை இருக்கின்றன. ஒரே ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு முடிவு செய்வதுதான் தவறு.

ஆறு மாதம் குடிக்காமல் இருந்தேன், போன வாரம் ஒரு கல்யாணத்தில் குடித்துவிட்டேன். இனி எந்த முகத்தோடு போவது?

இதே முகத்தோடு, இந்த வாரமே போங்கள். அந்த அறையில் இருப்பவர்களில் பலர் இப்படி ஒரு முறையோ பல முறையோ சறுக்கியவர்கள். ஸ்லிப் ஆகிவிட்டது என்று நீங்கள் சொன்னால் யாரும் அதிர்ச்சியடைய மாட்டார்கள், கைதட்டி வரவேற்பார்கள். நாட்களின் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும் என்பது உண்மை. ஆனால் அந்த ஆறு மாதத்தில் தேறிய கல்லீரலும், பிள்ளைக்குக் கட்டிய பள்ளிக் கட்டணமும் இல்லாமல் போய்விடவில்லை. குடித்த பிறகும் தொடர்ந்து சில நாட்கள் குடித்திருந்தால், முதலில் சொன்னபடி மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போங்கள். திருமண வீடு, காது குத்து, சாவு வீடு ஆகிய மூன்றுக்கும் போகும்போது குழுவில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போவதும், சாப்பிட்ட உடன் கிளம்பிவிடுவதும் முதல் ஓராண்டுக்கு நல்லது.

எத்தனை நாள் போக வேண்டும்?

தொடக்கத்தில் 90 நாட்களில் 90 கூட்டங்கள் என்று சொல்வார்கள். நம் ஊர்களில் தினமும் கூட்டம் கிடைப்பது அரிது; வாரம் இரண்டாவது போக முயலுங்கள், மற்ற நாட்களில் உறுப்பினர் ஒருவரோடு தொலைபேசியில் பேசுங்கள். பல ஆண்டுகள் ஆனவர்களும் வந்துகொண்டே இருப்பார்கள், புதிதாக வருகிறவர்களுக்கு அவர்கள் தேவை என்பதால். “இன்று ஒரு நாள் மட்டும்” என்பதுதான் அங்கே கணக்கு.

எங்கள் ஊரில் குழுவே இல்லை, அல்லது நான் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறேன்.

தமிழிலும் ஆங்கிலத்திலும் ஜூம் வழியாகக் கூட்டங்கள் நடக்கின்றன. நேரத்தையும் இணைப்பு விவரத்தையும் ஏ.ஏ. இணையதளத்திலோ, ஊரில் உள்ள குழு உறுப்பினரிடமோ பெறலாம். பலர் தங்கும் அறையில் இருக்கிறவர்கள் காதொலிப்பானைப் பயன்படுத்தி, கேமராவை அணைத்துவிட்டு, வேறு பெயரில்கூடச் சேரலாம். விடுமுறையில் ஊருக்கு வரும்போது நேரடிக் கூட்டத்துக்குப் போக முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். விமான நிலையத்தில் வாங்கும் பாட்டிலும் வரவேற்கக் காத்திருக்கும் நண்பர்களும் அந்த முதல் வாரத்தில்தான் இருக்கிறார்கள். குழுவில்லாத ஊரில், குடியை விட்ட இருவர் கிடைத்தால் அவர்களே வாரம் ஒரு நாள் ஓர் இடத்தில் கூடத் தொடங்கலாம்; ஒரு குழு தொடங்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, படிக்க வேண்டிய தமிழ்ப் பிரசுரங்களை அருகிலுள்ள பெரிய ஊர்க் குழுவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.